எங்கள் ‘பீர் ஒர்க்கர்’ மறுபடி குடித்துவிட்டார். மார்ச் அறிக்கையில் என்ன எழுதுவது?

அல்சூர்_மாடிவீடு | மார்ச் 9, இரவு 11.52

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் மனநலம், குடி இரண்டிலும் வேலை செய்யும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் புராஜெக்ட் மேனேஜராக இருக்கிறேன். இதற்கு முன் 11 வருஷம் அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இதே பதவிப் பெயர். அதை விட்டு இங்கே ஏன் வந்தேன் என்பது அப்பா சம்பந்தப்பட்ட கதை, இங்கே வேண்டாம். வந்து இரண்டரை வருஷம் ஆகிறது.

எங்கள் ஏரியா ஸ்ரீராமபுரம், ஓக்களிபுரம் பக்கம். முக்கால்வாசி நம் ஆட்கள்தான். பௌரகார்மிகர்கள் (மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்கள்), ஆட்டோ ஓட்டுகிறவர்கள், பெயிண்டர்கள், கே.ஆர். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள். 2007இல் கர்நாடகாவில் சாராயத்தை நிறுத்தியபோது இங்கே பெண்கள் தேங்காய் உடைத்தார்களாம். இப்போது அதே கைகளில் 90 மில்லி மது டெட்ரா பாக்கெட். காலை ஷிஃப்டுக்குப் போகும் முன்பே ஒன்று, கை நடுங்காமல் இருக்க.

ஆபீசில் 14 பேர். அதில் இரண்டு பேர் ‘பியர் ஒர்க்கர்’. தானே குடித்து மீண்டவர், அதனால் குடிக்கிறவரிடம் உட்கார்ந்து பேச முடிகிறவர் என்று அர்த்தம். தெருவில் எல்லாரும் ‘பீர் ஒர்க்கர்’ என்றுதான் சொல்வார்கள். நான் சொல்லப்போகிற அண்ணனே, “நான் பீர் தொட்டதேயில்ல மேடம், எல்லாம் பிராந்திதான்” என்று சிரிப்பார். 4 வருஷமாகக் குடிக்கவில்லை. எங்கள் பிரசுரத்தின் முதல் பக்கத்தில் முதுகுப்பக்கமாக நிற்கும் படம் அவருடையதுதான், கீழே ‘4 ஆண்டுகள்’ என்று போட்டிருக்கிறோம். மூன்று புரொபோசலில் அவர் கதையை நானே எழுதியிருக்கிறேன்.

போன செவ்வாயிலிருந்து வேலைக்கு வரவில்லை, போன் ஸ்விட்ச் ஆஃப். வியாழக்கிழமை அவர் மனைவி ஆபீசுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. துண்டில் சுற்றிய ஆபீஸ் டேபை (டேப்லெட்) மேசைமேல் வைத்துவிட்டு, “வித்துடுவாருன்னு பயமா இருந்துச்சு மேடம், எடுத்துட்டு வந்துட்டேன்” என்றார். அவ்வளவுதான், போய்விட்டார்.

அந்த டேபில் அவர் சந்தித்துவரும் 43 பேருடைய விவரம் இருக்கிறது.

இப்போது என் பிரச்சினை. இந்தத் திட்டத்துக்குப் பணம் ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர். நிதி, அதாவது கம்பெனிகள் சமூக வேலைக்கென்று சட்டப்படி ஒதுக்கும் பணம். மார்ச் 31 வருஷ முடிவு, ஏப்ரல் 10க்குள் அறிக்கை. இலக்கு: பதிந்த 310 பேரில் 120 பேர் ‘90 நாள் முழுக்கக் குடிக்காமல்’ இருக்க வேண்டும். இன்றைய கணக்கு 71. அதில் 26 பேர் அந்த அண்ணன் பதிவு செய்தவர்கள். அவரே குடித்துக்கொண்டிருந்த சமயத்தில் போட்ட பதிவை எப்படி நம்புவது? மறுபடி வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று டிசம்பரிலேயே கேட்டேன். நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று கம்பெனியில் மறுத்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். பழைய வேலைப் பழக்கத்தில் இங்கேயும் ஒரு போர்டு போட்டேன். ‘புதிது’, ‘நடக்கிறது’, ‘முடிந்தது’ என்று மூன்று கட்டம். ஒருத்தர் 90 நாள் தாண்டினால் அவர் கார்டை ‘முடிந்தது’ கட்டத்துக்கு இழுத்துவிடுவேன். அங்கிருந்து திரும்பி வர வழியே வைக்கவில்லை. வைக்கத் தோன்றவும் இல்லை.

அறிக்கையில் 71 என்று எழுதலாமா, 45 என்றா? அவரை வேலையில் வைப்பதா, அனுப்புவதா? இதே மாதிரி இடத்தில் இருந்தவர்கள் சொல்லுங்கள். டைரக்டர் ஊரில் இல்லை, என்னையே முடிவெடுக்கச் சொல்கிறார்.

---

விதி_விதிதான் | மார்ச் 10, காலை 8.05

நான் ஒரு அறக்கட்டளையில் கணக்கும் ஹெச்.ஆரும் பார்க்கிறவன். சொல்வது கசப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

நான்கு நாள் தகவல் இல்லாமல் வராதவருக்கு மெமோ. பதில் இல்லையென்றால் விளக்கம் கேட்டு ஷோ காஸ் நோட்டீஸ், ஏழு நாள் அவகாசம். குடிக்கு வைத்தியம் பார்க்கும் இடத்தில் குடித்த ஆள் வேலையில் இருந்தால் நாளைக்கு யார் உங்களை நம்பிப் பிள்ளையை அனுப்புவார்கள்?

டேப் திரும்பி வந்தது உங்கள் அதிர்ஷ்டம். இன்றே ஒரு சம்பவக் குறிப்பு எழுதி வையுங்கள்: எப்போது தொலைந்தது, எப்போது வந்தது, நடுவில் யாராவது திறந்தார்களா. பாஸ்வேர்டை மாற்றுங்கள். தூரத்திலிருந்தே பூட்டும் வசதி இல்லையென்றால் இனி டேபே கொடுக்காதீர்கள்.

26ஐக் கணக்கில் சேர்க்காதீர்கள். 45 என்று எழுதுங்கள். சரிபார்க்காத எண்ணை எழுதிவிட்டு ஆடிட்டில் மாட்டினால் டைரக்டர் ஊரில் இல்லை என்பது பதில் ஆகாது.

---

ஓசூர்ரோடு_அம்மா | மார்ச் 10, காலை 9.30

ஏம்மா, அவரை யாராவது போய்ப் பார்த்தீர்களா?

உன் பதிவை இரண்டு தடவை படித்தேன். டேப் இருக்கிறது, 26 இருக்கிறது, ஏப்ரல் 10 இருக்கிறது. அந்த மனுஷன் இப்போது குடித்துக்கொண்டிருக்கிறாரா, நிறுத்திவிட்டாரா, அது இல்லை. மேலே கணக்கர் தம்பியும் மெமோவில்தான் ஆரம்பிக்கிறார்.

நான் மனநலச் சமூகப்பணியில் 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள். தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால்தான் எனக்குப் பயம். வலிப்பு முதல் இரண்டு நாளிலேயே வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் பிதற்றல், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், ஆளே அடையாளம் தெரியாது. உயிருக்கே ஆபத்து. வீட்டில் கட்டிப்போட்டு, எலுமிச்சம்பழம் கொடுத்து, ‘தெளிஞ்சிடுவாரு’ என்று காத்திருந்து இழந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். இன்றே போய்ப் பார். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை இருந்தால் பேச்சு வேண்டாம், ஆட்டோ பிடி. நிம்ஹான்ஸில் (பெங்களூர் மனநல ஆஸ்பத்திரி) இதற்கென்று தனிப் பிரிவே இருக்கிறது, அவசர சிகிச்சை ராத்திரியும் உண்டு. தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடுவது மறக்கக்கூடாது என்று டாக்டருக்கே தெரியும். நீ செய்ய வேண்டியது, எத்தனை நாளாக, எவ்வளவு, கடைசியாக எப்போது என்று மனைவியிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு போவது.

இன்னொன்று. நீ அவர் மேலதிகாரி. அவருக்குக் கவுன்சலர் ஆகாதே. உங்கள் ஆபீஸ் கவுன்சலரும் வேண்டாம், தினமும் ஒன்றாக டீ குடிக்கிறவர்கள். வெளியே ஒருவரிடம் அனுப்பு.

அறிக்கையைப் பற்றி நாளைக்குச் சொல்கிறேன். அது காத்திருக்கும்.

---

அல்சூர்_மாடிவீடு | மார்ச் 10, இரவு 10.15

அம்மா, போனேன். வெட்கமாக இருக்கிறது, நீங்கள் கேட்கும் வரை தோன்றவில்லை.

ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் இரண்டாவது சந்தில் மாடி வீடு. கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முந்தின நாள் ராத்திரியிலிருந்து நிறுத்தியிருக்கிறார், தானாகவே. கை நடுங்கியது. நீங்கள் சொன்ன மூன்று கேள்வியையும் மனைவியிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். எத்தனை நாளாக என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில்: தீபாவளியிலிருந்து.

நான்கு மாதத்துக்கு மேல். தினமும் இல்லை, ஆரம்பத்தில் வாரம் ஒரு நாள். அந்த நான்கு மாதமும் அவர் காலை பத்து மணிக்கு என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். மீதி பிறகு.

---

காலை_நாலரை | மார்ச் 11, காலை 5.10

மேடம், நான் ஆட்டோ ஓட்டுறேன், சிவாஜிநகர் ஸ்டாண்ட். குடிச்சுக் கெட்டவன், மொத தடவ நிறுத்தி இப்ப 9 வருஷம் ஆச்சு. எழுத்துல தப்பிருந்தா மன்னிச்சுக்கோங்க, போன்ல பேசி டைப் பண்றேன்.

எனக்கு ஆறாவது வருஷம் ஸ்லிப் ஆச்சு, மறுபடி குடிச்சுட்டேன். அந்தச் சமயம் நான்தான் எங்க ஏ.ஏ. தமிழ் மீட்டிங்க (குடிய விட்டவங்க ஒண்ணா உக்காந்து பேசுற கூட்டம்) நடத்துவேன். சர்ச் பின்னாடி ஹால், சேர் போடுறது, டீ வைக்கிறது, புதுசா வர்றவங்களுக்கு நம்பர் கொடுக்கிறது எல்லாம் நான். மூணு மாசம் குடிச்சிக்கிட்டே மீட்டிங் நடத்தினேன். ஷேரிங்ல ஆறு வருஷம்னு சொல்லுவேன், எல்லாரும் கை தட்டுவாங்க. வெளிய வந்து வாயில ஏலக்கா போட்டுக்கிட்டு சவாரி. குடிக்கிறது ரெண்டு நிமிஷ வேலை மேடம், அத மறைக்கிறதுக்குத்தான் நாள் பூரா ஆகும்.

ஏன் சொல்லலன்னு எல்லாரும் கேட்டாங்க. எப்படிச் சொல்றது? அம்பது பேரு என்னைப் பாத்து நிறுத்தியிருக்கான். நான் சொன்னா அவனெல்லாம் என்ன ஆவான்? அப்படித்தான் நெனச்சேன்.

உங்க பிரசுரம் இருக்கே, முதுகு தெரியுற போட்டோ. முதுகா இருந்தாலும் தெருவுல யாருன்னு தெரியாதா? ‘4 ஆண்டுகள்’னு அச்சடிச்சுட்டீங்க. அடுத்த வருஷம் அதுல 5ன்னு மாத்தணும்ல. அந்தத் தீபாவளி ராத்திரி மொத தடவ தொட்டப்ப அவருக்கு அந்தப் பேப்பர் ஞாபகம் வந்திருக்கும், எழுதிக் கொடுக்கிறேன்.

திட்டுறேன்னு நெனைக்காதீங்க. நீங்க நல்ல மனசுலதான் போட்டீங்க. நாங்க மீட்டிங்ல குடிய விட்ட நாளுக்கு பர்த்டே கேக் வெட்டுவோம், அது உள்ளுக்குள்ள. வெளிய பேரு, படம் கொடுக்கக்கூடாதுன்னு எங்க ஏ.ஏ.வுல வெச்சிருக்காங்க. வெளிப் பணமும் வாங்க மாட்டோம், டப்பாவுல போடுற பத்து இருபதுதான். அது எதுக்குன்னு எனக்கு ஆறாவது வருஷம்தான் புரிஞ்சுது.

சவாரி வந்துடுச்சு. அவரு டிஸ்சார்ஜ் ஆனதும் ஆஸ்பத்திரி வாசல்ல ஆட்டோ வேணும்னா சொல்லுங்க, மீட்டர் போட மாட்டேன்.

---

கம்பெனி_பக்கம் | மார்ச் 11, மதியம் 1.40

நான் மேசைக்கு அந்தப் பக்கம், சி.எஸ்.ஆர். பணம் கொடுக்கும் பக்கம் உட்காருகிறவன். உங்கள் கம்பெனி இல்லை, வேறொன்று. பெயர் வேண்டாம்.

முதலில் அந்த 5 சதவீதம். அந்த உச்சவரம்பு கம்பெனி தன் சி.எஸ்.ஆர். வேலையைப் பொதுவாக நடத்த ஆகும் செலவுக்கு. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க ஆகும் செலவு அதில் வராது. உங்கள் சரிபார்ப்பு ஆளின் சம்பளம் திட்டச் செலவு. 2021இல் கம்பெனி விவகார அமைச்சகமே கேள்வி பதிலாக விளக்கம் கொடுத்திருக்கிறது. இருந்தும் எங்கள் ஆட்கள் பாதிப் பேர் தொண்டு நிறுவனத்திடம் அந்த விதியைத் தூக்கிக் காட்டுகிறார்கள். சிலர் தெரியாமல், சிலர் தெரிந்தே. (வெளிநாட்டு நிதிக்கு உள்ள வரம்பு வேறு. 2020 திருத்தத்தில் அது 50லிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.)

அடுத்தது மார்ச் 31. உங்கள் திட்டத்தை அந்தக் கம்பெனியின் இயக்குநர் போர்டு ‘தொடர் திட்டம்’ (ஒரு வருஷத்துக்கு மேல் நடப்பது) என்று முதலிலேயே ஏற்றிருக்கிறதா என்று கேளுங்கள். ஏற்றிருந்தால் மீதிப் பணம் ஏப்ரல் 30க்குள் தனி வங்கிக் கணக்குக்குப் போகும், அதைச் செலவழிக்க அடுத்த 3 நிதியாண்டு இருக்கிறது. மார்ச் மாதம் மலை உச்சியில் நிற்பது போல நீங்கள் நிற்க வேண்டியதில்லை. ஏற்கவில்லை என்றால் அந்தப் பணம் அரசு நிதிக்குப் போய்விடும். அந்தப் பயத்தில்தான் எங்கள் ஆட்கள் உங்களை விரட்டுகிறார்கள்.

எண். 71ஆ, 45ஆ என்று கேட்டீர்கள். நான் பார்க்கும் அறிக்கைகளில் எல்லாமே இலக்குக்கு 102 சதவீதம், 98 சதவீதம் என்றுதான் வரும். குடி விஷயத்தில் அப்படி ஒரு அறிக்கை வந்தால் நான் கையெழுத்துப் போட்டுவிட்டு மனசுக்குள் சிரிப்பேன். ‘பதிவு செய்த ஊழியர் சிகிச்சையில் இருக்கிறார், 26 பதிவுகளை மறுபடி சரிபார்க்கிறோம், ஏப்ரல் இறுதிக்குள் திருத்திய எண் தருகிறோம்’ என்று மூன்று வரி வந்தால் மேலே கொண்டுபோய்ப் பேசுவேன். ஆனால் அது ஏப்ரல் 10ஆம் தேதி அறிக்கைக்குள் புதைந்து வரக்கூடாது. இந்த வாரமே தனிக் கடிதமாக வர வேண்டும். ‘ஊழியர்’ என்றால் போதும், எந்த ஊழியர் என்று வேண்டாம்.

ஒரு கேள்வி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த 120ஐ வைத்தது யார்?

---

அல்சூர்_மாடிவீடு | மார்ச் 11, மாலை 6.20

நான்தான். கம்பெனி ‘ஒரு நல்ல எண் சொல்லுங்கள்’ என்றது. 310இல் ஒரு 40 சதவீதம் கேட்க நன்றாக இருக்கிறது என்று வைத்தேன். அதற்கு வேறு எந்த அடிப்படையும் இல்லை.

காலை_நாலரை அண்ணா, உங்கள் பதிவைக் காலையில் பஸ்ஸில் படித்தேன், இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டிவிட்டது. பிரசுரம் ஆபீசில் 400 பிரதி மீதி இருக்கிறது.

விதி_விதிதான் சார், சம்பவக் குறிப்பு எழுதிவிட்டேன், டேபை யாரும் திறக்கவில்லை. நன்றி. மெமோ மட்டும் கொடுக்கப்போவதில்லை.

---

ஓசூர்ரோடு_அம்மா | மார்ச் 12, காலை 10.45

நல்லது, ஆளைச் சேர்த்துவிட்டாய். இப்போது எண்ணுக்கு வருவோம்.

கோவாவில் ஒரு ஆய்வு நடந்தது, 2017இல் லான்செட்டில் வந்தது. டாக்டர் இல்லை, சாதாரணப் படிப்புப் படித்தவர்களைப் பயிற்சி கொடுத்துக் கவுன்சலராக வைத்தார்கள். ஆண்களிடம் மட்டும், அதிகபட்சம் நான்கு சந்திப்பு. மூன்று மாதத்தில் கவுன்சலிங் கிடைத்தவர்களில் 36 சதவீதம் தேறினார்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 26. இந்தத் துறையில் அது நல்ல வெற்றி, உலகமே எடுத்துப் பேசியது. ஆனால் கவனி: அங்கே எடுத்தது குடியால் கெடுதல் தொடங்கியவர்களை, முழுக்க அடிமையானவர்களை இல்லை. ‘தேறினார்’ என்பதற்கு அர்த்தம் ஆடிட் மதிப்பெண் 8க்குக் கீழே இறங்குவது, ஒரு சொட்டும் தொடாதது இல்லை. நீயோ காலையில் கை நடுங்குகிறவர்களை வைத்துக்கொண்டு, முழுக்கக் குடிக்காமல், 40 சதவீதம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய். உன் 71ஐப் பார்த்ததுமே அந்த அண்ணன் குடித்தாரா இல்லையா என்பதற்கு முன்னால், இது எப்படி இவ்வளவு வந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது.

(ஆடிட் என்றதும் கணக்கர் தம்பி பயப்பட வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விப் படிவத்துக்கு அந்தப் பெயர், மொத்தம் 40 மதிப்பெண்.)

சிகிச்சைக்குப் பிறகு 40 முதல் 60 சதவீதம் பேர் மறுபடி தொடுவார்கள் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. ரத்தக்கொதிப்புக்காரரும் ஆஸ்துமாக்காரரும் மருந்தை விட்டுவிட்டு மூச்சு வாங்க வந்து நிற்பது இதற்குக் குறைவில்லை. அவர்களை யாரும் ‘முடிந்தது’ கட்டத்தில் போடுவதில்லை, மெமோவும் கொடுப்பதில்லை.

என்னைக் கேட்டால் படிவத்தை மாற்று. ‘குடித்தாரா, ஆம், இல்லை’ என்பதைத் தூக்கு. கடந்த 30 நாளில் எத்தனை நாள் குடித்தார், குடித்த நாளில் எவ்வளவு, வேலைக்கு எத்தனை நாள் போனார். ஆடிட் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. வீட்டில் ஒருவர் சொல்வதைத் தனிக் கட்டத்தில் எழுது, குடிக்கிறவர் சொல்வதோடு கலக்காதே. எல்லாவற்றுக்கும் மேலே, இன்னும் நம்மிடம் வந்துபோகிறாரா என்று ஒரு கட்டம். 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொன்னார். உன் 310 பேரும் அந்த ஒருவர்கள். மறுபடி குடித்துவிட்டு உன் வாசலுக்கே திரும்பி வருகிறவனை எழுத உன் போர்டில் இடம் வேண்டும்.

பிரசுரத்தை நிறுத்து. 2017 மனநலச் சட்டத்தில் குடி, போதையால் வரும் கோளாறும் மனநோய் என்ற விளக்கத்துக்குள்தான் இருக்கிறது, அந்தரங்கம் காப்பது 23ஆம் பிரிவு. சம்மதக் கையெழுத்து வாங்கியிருப்பாய். சம்பளம் கொடுக்கிறவர் நீட்டும் காகிதத்தில் யார் மாட்டேன் என்பார்கள்?

---

விதி_விதிதான் | மார்ச் 12, மதியம் 12.10

அம்மா சொல்வதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று: எழுதிய கொள்கை இல்லாமல் இவருக்கு மட்டும் சலுகை கொடுத்தால், அடுத்து ஒரு டிரைவர் குடித்துவிட்டு வண்டி எடுக்கும்போது என்ன செய்வீர்கள்? எத்தனை நாள் சம்பளத்தோடு லீவு, எப்போது ஆட்களைச் சந்திக்கும் வேலைக்குத் திரும்பலாம், யார் முடிவு செய்வது, இதெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி நிர்வாகக் குழுவில் பாஸ் பண்ணுங்கள். அன்பு எல்லாம் சரி, மினிட்ஸ் புக்கில் இருக்க வேண்டும்.

---

அல்சூர்_மாடிவீடு | மார்ச் 24, இரவு 11.05

தாமதத்துக்கு மன்னிக்கவும். இரண்டு வாரமாக வீட்டுக்குத் தூங்க மட்டும்தான் போனேன்.

மார்ச் 12 மாலையே கம்பெனிக்கு மூன்று வரிக் கடிதம் போட்டேன். எங்கள் திட்டம் தொடர் திட்டம்தானாம், அங்கே இருந்தவருக்கே தேடிப் பார்த்துத்தான் தெரிந்தது. 5 சதவீத விஷயத்தையும் பணிவாக எழுதினேன். ‘பார்க்கிறோம்’ என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை இரண்டு கவுன்சலர்கள் சனி ஞாயிறு போனார்கள், நானும் கூடப் போனேன்.

26 பேரில் 15 பேர் உண்மையிலேயே குடிக்கவில்லை. 6 பேர் குடிக்கிறார்கள், முன்னை விடக் குறைவாக. 3 பேர் பழையபடி. ஒருத்தர் கே.ஜி.எஃப்.புக்கு (கோலார் தங்கவயல்) வீடு மாறிப் போய்விட்டார், இன்னொருத்தர் வீட்டில் பூட்டு. ஆக 71 இப்போது 60. ‘மற்ற 45 மட்டும் சரியா?’ என்று கேட்பீர்கள். அதையும் சரிபார்க்க ஆரம்பித்திருக்கிறோம், அதுவும் இறங்கும் போலத்தான் தெரிகிறது. அந்த 45 பேருக்குப் பதிவு போட்டவர்கள் யாரும் குடிக்கிறவர்கள் இல்லை.

இப்போது நான் சொல்ல வந்தது. டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் அண்ணனைப் பார்க்கப் போனேன் (அவரை ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோக்கார அண்ணனே அழைத்து வந்தார், இரண்டு பேரும் வழியெல்லாம் என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை). அந்த 26 பதிவைப் பற்றி நான் கேட்கவே இல்லை. அவரே மனைவியிடம், “அந்த நோட்டக் குடு” என்றார். மளிகைக் கடையில் விற்கும் எண்பது பக்க நோட்டு. 43 பேருக்கும் ஆளுக்கொரு பக்கம். ‘சம்பள நாள் 2 குவார்ட்டர், அப்புறம் இல்ல.’ ‘மச்சான் சாவு, 3 நாள்.’ ‘ஞாயிறு மட்டும், ஒரு கட்டிங்.’ ‘பொண்ணு பரீட்சை, நிறுத்திட்டான், 11 நாள்.’ தேதி போட்டு, போன வருஷம் ஜூனிலிருந்து.

அப்புறம் ஏன் டேபில் ‘குடிக்கவில்லை’ என்று போட்டீர்கள் என்று கேட்டேன். “உங்க டேப்புல ஆமா, இல்லன்னு ரெண்டுதான மேடம் இருக்கு. இவன் மாசத்துக்கு இருபது நாள் குடிச்சவன், இப்ப மூணு நாள். ‘குடிக்கிறான்’னு அமுக்க மனசு வரல” என்றார்.

அம்மா சொன்ன ‘30 நாளில் எத்தனை நாள்’ என்ற கட்டத்தை அந்த மனுஷன் தானாகவே பென்சிலில் போட்டு வைத்திருக்கிறார். நான் 11 வருஷ அனுபவத்தோடு செய்த படிவம் அதைத்தான் வாங்க மறுத்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அவர் பெயரே போட்டு ஒரு பக்கம் இருந்தது. அதைப் படிக்காமல் மூடிவிட்டேன்.

மற்றவை சுருக்கமாக. அவருக்கு மூன்று மாதம் சம்பளத்தோடு லீவு, வைத்தியம் வெளியே. திரும்பி வந்ததும் முதலில் ஸ்டோர், வண்டி ஏற்பாடு மாதிரி வேலை. ஆட்களைச் சந்திப்பது அவரும் வெளி டாக்டரும் சரி என்ற பிறகு. விதி_விதிதான் சார், ஒரு பக்கக் கொள்கை எழுதியாயிற்று, வர்ற சனிக்கிழமை நிர்வாகக் குழுவில் வருகிறது, டிரைவர் விஷயமும் அந்தக் கொள்கையில் இருக்கிறது. பிரசுரம் 400ம் கிழித்து மூட்டை கட்டினோம். பழைய பேப்பர்க்காரருக்குக் கொடுக்க மனசு வரவில்லை, இன்னும் என் மேசைக்கு அடியில்தான் இருக்கிறது. போர்டில் ‘முடிந்தது’ கட்டத்தை எடுத்துவிட்டேன். டைரக்டர், “அப்ப கம்பெனிக்கு எதைக் காட்டுறது?” என்கிறார். அந்தச் சண்டை ஏப்ரலில்.

---

புதுசு_கோரமங்கலா | மார்ச் 25, காலை 9.50

அக்கா, நாங்களும் இப்போதுதான் ஆரம்பிக்கிறோம். அந்த மாற்றிய படிவத்தைப் பகிர முடியுமா? அந்த நோட்டின் ஒரு பக்கத்தையும், பெயரை மறைத்துவிட்டு?

---

அல்சூர்_மாடிவீடு | மார்ச் 25, மதியம் 2.30

படிவம் தருகிறேன், உள்பெட்டியில் மெயில் அனுப்புங்கள். அம்மாவிடம் காட்டித் திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள், இன்னும் இரண்டு கேள்வி கூட்டச் சொல்லியிருக்கிறார். இரவு நேரத்தில் யாராவது கூப்பிட்டால் சொல்வதற்கு அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐப் படிவத்தின் அடியிலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம், தமிழிலும் பேசலாம்.

நோட்டு என்னிடம் இல்லை. 43 பேரின் கணக்கைப் புதுப் படிவத்தில் அவரையே பக்கத்தில் வைத்து ஏற்றிவிட்டு, அன்று மாலையே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பின் அட்டையில் பால் கணக்கு இருக்கிறது, அவர் மனைவி இரண்டு தடவை போன் பண்ணிக் கேட்டுவிட்டார்.